முதல் எழுத்து ஊமை

கராச்சர்மா என்ற ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதிக் காட்டுவார்கள். கடைசி ‘ஆர்’ எழுத்துக்கும் ‘எம்’ எழுத்துக்கும் நடுவே ஓர் ‘ஏ’ உண்டு என்பது ஒரு கட்சி. கிடையாது என்பது இன்னொரு கட்சி. தெற்கு அந்தமானில், போர்ட் பிளேரை ஒட்டி, அந்தமான் நெடுஞ்சாலை மேலேயே இருக்கிற சிற்றூர் அது. போர்ட் பிளேருக்கும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. அந்த ‘ஸ்ரீ’க்குள் ஓர் ‘எச்’ வேண்டுமா வேண்டாமா என்பதில் எழுதுகிறவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. பாதகமில்லை. ஊர்ப்பெயரில் ஓரெழுத்து கூடினாலும் குறைந்தாலும் தபால்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

இந்தத் தீவுகளில் குழந்தை முதல் கிழவர் வரை எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் ஆங்கிலத்தில் எழுதப்போனால் பேனா ஒரு கணம் நின்றுவிடுகிற சொல் வேறொன்று இருக்கிறது. டி, எஸ், யு, என், ஏ, எம், ஐ. சுனாமி.

ஏழே எழுத்துதான். அதற்குள் தவறு செய்ய எத்தனை வழி! காதில் விழுவதை நம்பி ‘எஸ்’ஸில் தொடங்குவது முதல் வழி. அங்கே எங்கோ ஒரு ‘டி’ உண்டு என்ற நினைவு மட்டும் இருப்பவர்கள் அதை ‘எஸ்’ஸுக்குப் பின்னால் வைப்பார்கள், ‘ஸ்டாப்’, ‘ஸ்டேஷன்’ என்று பழகிய கை அப்படித்தான் போகும். சிலர் ‘டி’யையும் ‘எஸ்’ஸையும் பிரித்து நடுவில் ‘யு’வைச் செருகுவார்கள். கடைசி ‘ஐ’யை ‘ஒய்’ ஆக்குவது, கூடவே ஓர் ‘இ’யைச் சேர்த்து வைப்பது, ‘எம்’மை இரட்டிப்பது என்று பட்டியல் நீளும். இதற்கெல்லாம் மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆங்கிலத்தில் ‘டி-எஸ்’ என்று தொடங்கும் சொற்களை விரல் விட்டு எண்ணலாம். ரஷ்யாவின் பழைய மன்னரைக் குறிக்கும் ‘ஜார்’, ஆப்பிரிக்காவின் ‘செட்சி’ ஈ, இந்தச் சுனாமி. மூன்றும் வெளியூரிலிருந்து வந்தவை. பழக்கமே இல்லாத இடத்தில் எழுத்து நின்றால் கண் அதை நம்ப மறுக்கிறது.

அந்த ஊமை ‘டி’ எங்கிருந்து வந்தது என்பதற்கு ஜப்பானிய அரிச்சுவடியைப் பார்க்க வேண்டும். நம் த, தா, தி, தீ, து போல அவர்களுக்கும் தகர வரிசை ஒன்று உண்டு. அதில் ‘து’ வரவேண்டிய இடத்தில் ஜப்பானியர் நாக்கு ‘த்ஸு’ என்று உரசிக்கொண்டு வெளியே வருகிறது. அந்த உரசலை ஆங்கில எழுத்தில் காட்டியது ஹெப்பர்ன் முறை. 1867இல் ஜப்பானிய ஆங்கில அகராதி வெளியிட்ட அமெரிக்க மிஷனரி ஜேம்ஸ் கர்ட்டிஸ் ஹெப்பர்னின் பெயரால் வழங்கும் முறை அது. ஆக, ஜப்பானியர் வாயில் அந்த ‘டி’ ஊமை அல்ல. அதை ஊமையாக்கியது ஆங்கிலேயர் நாக்குதான். இன்றைய ஆங்கில அகராதிகள் ‘டி’யோடும் ‘டி’ இல்லாமலும் இரண்டு உச்சரிப்பையும் ஒப்புக்கொள்கின்றன. எழுத்தில் மட்டும் சலுகை கிடையாது.

ஒரேயொரு விதிவிலக்கு உண்டு, அதுவும் சுவையானது. ஹெப்பர்ன் முறைக்குப் போட்டியாக ஜப்பானிய அரசே ஏற்ற இன்னொரு முறையில் இதே சொல்லை ‘எஸ்’ இல்லாமல், ‘டி-யு-என்-ஏ-எம்-ஐ’ என்று எழுதுவார்கள். பழைய ஜப்பானிய நிலநடுக்க ஆய்வுகளில் அந்த வடிவம் வரும். டோஹோக்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய சுனாமிக் கணிப்பு மென்பொருளுக்கும் அப்படித்தான் பெயர். ஹைதராபாத்தில் உள்ள இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தன் கணிப்புகளுக்குப் பயன்படுத்துவது அந்த மென்பொருளைத்தான். பள்ளிக்கூடத்தில் சிவப்பு மை வாங்கித் தரக்கூடிய ஓர் எழுத்துக்கூட்டல், நம் கடற்கரைகளுக்கான எச்சரிக்கைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

தமிழுக்கு இந்தத் தொல்லையே வரவில்லை. மெய்யெழுத்து தமிழில் சொல்லின் முதலில் நிற்காது என்பது தொல்காப்பியம் தொட்டு வரும் விதி. 2004 டிசம்பர் கடைசியில் சில இடங்களில் ‘ட்சுனாமி’ என்று எழுதிப் பார்த்தார்கள். அது நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த புள்ளியெழுத்து உதிர்ந்து, ‘சுனாமி’ நின்றுவிட்டது. சகர எழுத்துகள் சிலவற்றுக்கு மொழிமுதலில் தொல்காப்பியர் தடை போட்டிருக்கிறார். ‘சு’ அந்தத் தடையில் இல்லை. இலக்கணப்படியும் சொல் சுத்தமாகத்தான் உள்ளே வந்திருக்கிறது.

எழுத்துக்கூட்டல் கதை இவ்வளவுதான். சொல்லை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது, அந்தச் சிக்கலில் தமிழும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

‘சு’ என்றால் துறைமுகம், ‘நாமி’ என்றால் அலை. 1611 டிசம்பரில் ஜப்பானின் சன்ரிக்கு கரையைக் கடல் தாக்கியபோது எழுதப்பட்ட குறிப்பில் இந்தச் சொல் இருக்கிறது. அதே சன்ரிக்கு கரையை 1896 ஜூன் 15 அன்று மறுபடி கடல் தாக்கி ஏறக்குறைய 22,000 பேரைக் கொன்றது. அன்று ஆழ்கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தங்கள் படகின் அடியில் எதுவும் கடந்து போனதாகவே தெரியவில்லை. கரை திரும்பினார்கள், ஊர் இல்லை. கடலில் இல்லாத அலை துறைமுகத்தில் மட்டும் எப்படி வந்தது என்ற திகைப்புதான் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழில் எலைசா சிட்மோர் எழுதிய கட்டுரை இந்தச் சொல்லை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசேர்த்தது. வாஷிங்டனில் செர்ரி மரங்கள் நடவேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் வாதாடிய அதே பெண்மணி. அடுத்த ஆண்டே லஃப்கேடியோ ஹெர்ன் தன் நூலிலும் அதை எடுத்தாண்டார்.

ஆனாலும் ஆங்கிலேயர் தங்கள் பழைய சொல்லை விடவில்லை. ‘டைடல் வேவ்’ என்றே எழுதிவந்தார்கள். ஓதத்தால் எழும் அலை என்று பொருள். ஓதம் என்பது நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல் ஏறி இறங்குவது. அமாவாசை, பௌர்ணமிக்கு அது கூடும். சுனாமிக்கும் நிலவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 2004 டிசம்பர் 26 பௌர்ணமியாக அமைந்தது தற்செயல். அறிவியலாளர்கள் ஒரு கட்டத்தில் ‘நிலநடுக்கக் கடலலை’ என்று திருத்திப் பார்த்தார்கள். 1946 ஏப்ரல் 1 அன்று அலூஷியன் தீவுகளில் நிலம் நடுங்கிக் கிளம்பிய சுனாமி ஹவாயில் 159 பேரைக் கொன்றது. தேதியைப் பார்த்துவிட்டுப் பலர் இதை முட்டாள்தினக் கேலி என்று நினைத்துக்கொண்டது தனிச் சோகம். அதன் பிறகு 1949இல் ஹோனலூலுவில் தொடங்கிய எச்சரிக்கை அமைப்புக்கு வைத்த பெயர் ‘நிலநடுக்கக் கடலலை எச்சரிக்கை அமைப்பு’. அதுவும் நிலைக்கவில்லை. எரிமலை வெடித்தாலும், கடலடியில் மலைச்சரிவு நேர்ந்தாலும் இதே அலை வரும். எல்லாவற்றையும் நிலநடுக்கத்தின் தலையில் கட்ட முடியாது. கடைசியில் காரணம் எதையும் சொல்லாத ஜப்பானியச் சொல்லே உலகெங்கும் நிலைத்தது. துறைமுகத்துக்கு மட்டும் வருவதல்ல என்பதால் அதுவும் முழுச் சரியில்லை. ஆனால் தப்பான காரணத்தைக் கற்பிக்காத பெயர் என்ற அளவில் மற்றவற்றைவிட மேல்.

தமிழில் ‘ஆழிப்பேரலை’ என்ற சொல் பிறந்தது. காதுக்கு இனிமை, இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் இன்றும் டிசம்பர் நினைவுநாள்களில் அதுதான் முன்னால் நிற்கும். ஆனால் ‘பேரலை’ என்ற பகுதி கொஞ்சம் ஏமாற்றுகிறது. 2004இல் நிலம் நடுங்கி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து, வங்கக் கடலுக்கு மேலே பறந்த ஜேசன் என்ற செயற்கைக்கோள் அந்தச் சுனாமியை அளந்தது. ஆழ்கடலில் அதன் உயரம் சுமார் 60 செ.மீ. இடுப்பளவுகூட இல்லை. பேரலை என்றவுடன் மனம் நினைப்பது சினிமாவில் நகரத்தின் மேல் சுவர் மாதிரி எழுந்து கவிழும் நீரை. சுனாமியின் பலம் உயரத்தில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருக்கலாம். காற்று கிளப்பும் அலையில் மேல்நீர் மட்டும் ஆடும்; இதில் தரையிலிருந்து மேல்வரை மொத்தக் கடலும் நகரும். ஆழம் 4 கி.மீ. என்றால் வேகம் மணிக்கு 700 கி.மீ.க்கு மேல், விமான வேகம். கரைக்கு வரவர ஆழம் குறையும், வேகம் தேயும், பின்னால் வரும் நீர் முன்னால் உள்ளதன் மேல் ஏறும். பத்து மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 36 கி.மீ.தான் ஓடும். அப்போதும் மனிதன் ஓடி ஜெயிக்க முடியாது. கரையில் அது பெரும்பாலும் உடைந்து விழும் அலையாகக்கூட இருப்பதில்லை. அணை உடைந்த ஆறு ஊருக்குள் புகுவதைப்போல உள்ளே வந்துகொண்டே இருக்கும், பத்து நிமிடம், இருபது நிமிடம்.

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணியளவில் சுமத்ராவின் வடமேற்கே கடலடி நிலம் பிளக்கத் தொடங்கியது. அளவு 9.1. அங்கிருந்து நிக்கோபார், அந்தமான் வழியாக வடக்கே சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளவு ஓடியது. ஆகவே அந்தமான்காரர்களுக்கு அது ‘சுமத்ரா நிலநடுக்கம்’ என்று தூரத்து விஷயம் அல்ல. அவர்கள் காலடியிலேயே நடந்தது. கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளமே அடித்துச் செல்லப்பட்டது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களை ரப்பர்த் தோட்ட வேலைக்காகக் குடியேற்றிய கச்சால் தீவு மிக மோசமாக அடிவாங்கிய தீவுகளில் ஒன்று. அரசுக் கணக்கில் அந்தமான் நிக்கோபாரில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக மூவாயிரத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர்.

கராச்சர்மாவைத் தாண்டி அந்த நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் சிப்பிகாட். சுனாமி என்ற சொல்லின் பொருள் போதாமல் போகும் இடம் அதுதான். நெல்லும் தென்னையும் பாக்கும் விளைந்த தாழ்வான நிலம். 2004க்குப் பிறகு அங்கே வயலின் மேல் கடல்நீர் நின்றது. பல ஊர்களில் நீர் வந்தது, போனது. இங்கே போகவில்லை. காரணம் அலை அல்ல. நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர் சுற்றுவட்டாரம் ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. முன்பு ஓதம் எட்டாத மேடு, இப்போது ஓதத்துக்குள் கிடக்கிறது. அலை வடிந்த பிறகும் ஒவ்வொரு நாளும் கடல் ஏறும்போது உள்ளே வருகிறது, இறங்கும்போது கொஞ்சம் விலகுகிறது. தீவுக்கூட்டத்தின் தென்முனையான இந்திரா முனை சுமார் நாலேகால் மீட்டர் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போய்விட்டது. வட அந்தமானிலோ இதற்கு நேர்மாறு: நிலம் உயர்ந்து, பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்து செத்தன.

‘சுனாமியில் போன நிலம்’ என்று சிப்பிகாட்டைச் சொல்வது பேச்சுவழக்குக்குச் சரி. விவசாயிக்கு வேறு கணக்கு. அலை வந்து உப்பைக் கொட்டிவிட்டுப் போன வயலை மழை கழுவிவிடும். அந்தமானில் ஆண்டுக்கு 3,000 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது, இரண்டு மூன்று பருவத்தில் மண் தேறிவிடலாம். தாழ்ந்துபோன நிலத்துக்கு மழை மருந்தாகாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய வேலை மண் ஆய்வாளர்களுக்கு வந்தது. 1978இல் தொடங்கிய மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கராச்சர்மாவில் ஆய்வுப் பண்ணை உண்டு. உப்பேறிய தாழ்நிலங்களுக்கு அந்த நிலையம் பரிந்துரைத்த வழிகளில் ஒன்று, மண்ணை வெட்டி அகலமான மேட்டுப்பாத்திகளாக உயர்த்துவது. பாத்தி மேல் காய்கறி, வெட்டிய பள்ளத்தில் நெல்லோ மீனோ. மேட்டில் விழும் மழை உப்பைக் கரைத்துப் பள்ளத்துக்கு இறக்கிவிடும். கடல் தினமும் புகுந்து வரும் இடத்துக்கு இது பொருந்தாது. அங்கே அணைகட்டு, மதகு என்று பெரிய செலவு, அல்லது நிலத்தைக் கடலுக்கே விட்டுவிடுவது.

சொல்லை அளவுக்கு மீறி விரிப்பது தமிழ்நாட்டிலும் நடக்கிறது. ‘வசூல் சுனாமி’, ‘வாக்குச் சுனாமி’ என்ற தலைப்புகளை விட்டுவிடலாம். அவற்றால் யாரும் சாகப்போவதில்லை. ஆனால் 1964இல் தனுஷ்கோடியைச் சுனாமி அழித்தது என்று சுற்றுலாக் கட்டுரைகளிலும் காணொளிகளிலும் திரும்பத் திரும்ப வருகிறதே, அது பிழை. அந்த டிசம்பர் 22 இரவு வந்தது புயல். புயலின் காற்று கடலைக் கரைமேல் தள்ளி ஏற்றியது, பாம்பனிலிருந்து போன ரயிலும் அதில் போயிற்று. புயலால் ஏறும் கடலுக்கு முன்னறிவிப்பு நாள்கணக்கில் கிடைக்கும். வானிலை மையம் புயலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சுனாமிக்கு அப்படி வானத்தில் ஒரு தடயமும் இருக்காது. 2004 டிசம்பர் 26 அன்று சென்னையில் வானம் தெளிந்து கிடந்தது. மெரினாவில் காலை நடை போய்க்கொண்டிருந்தவர்களுக்குக் கடலைச் சந்தேகிக்க ஒரு முகாந்திரமும் இல்லை.

இன்னொரு வகையும் உண்டு. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். புயலும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கோடியில் வீசிய காற்று கிளப்பிய நெடும் அலைகள் சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து ஏறுவது இது. கேரள மீனவர் இதற்கு வைத்த பெயர் கள்ளக்கடல். திருடனைப்போல் சத்தமில்லாமல் வரும் கடல். 2012இல் யுனெஸ்கோ அந்தப் பெயரையே அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. நம் செய்திகளிலோ இது ‘கடல் சீற்றம்’ என்ற பொதுப்பெயரில் கரைந்துவிடுகிறது. கடல் சீறுகிறது என்றால் வேடிக்கை பார்க்கப் போகிற கூட்டம் அதிகம். கள்ளக்கடல் என்று சொல்லியிருந்தால் கொஞ்சமாவது காது கொடுத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

தவறான விளக்கங்களில் ஆபத்தானது ஒன்று உண்டு: சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கும் என்பது. பாதிதான் உண்மை. 2004இல் தாய்லாந்துப் பக்கம் முதலில் கடல் உள்வாங்கியது. புக்கெட்டின் மாய் காவ் கடற்கரையில் விடுமுறைக்கு வந்திருந்த 10 வயது இங்கிலாந்துச் சிறுமி டில்லி ஸ்மித், இரண்டு வாரத்துக்கு முன் பூகோள வகுப்பில் படித்ததை நினைவுகூர்ந்து கத்தி, சுமார் நூறு பேரைக் காப்பாற்றினாள். பிளவின் மேற்குப் பக்கம் இருந்த நமக்கு நடந்தது வேறு. கடலடி உயர்ந்த பக்கம் நம்முடையது என்பதால், தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் முகடுதான் முதலில் வந்தது. உள்வாங்கியது பிறகு, ஒரு வரவுக்கும் மறு வரவுக்கும் இடையில். முதல் நீர் வடிந்ததும், ஆபத்து தீர்ந்தது என்று பலர் கரைக்குத் திரும்பினார்கள். திறந்து கிடந்த கடல்தரையைப் பார்க்கவும், காணாமல் போனவர்களைத் தேடவும். அடுத்தது வந்தது. சுனாமி என்பது ஒற்றை அலை அல்ல, மணிக்கணக்கில் தொடரும் வரிசை. ஆகவே ‘கடல் உள்வாங்கவில்லையே’ என்று கரையில் காத்திருப்பதும், ‘வந்து போய்விட்டதே’ என்று இறங்கி வருவதும் ஒரே பிழையின் இரண்டு முகம்.

இந்தப் பிழையைச் செய்யாதவர்களும் இருந்தார்கள். சுமத்ராவுக்குப் பக்கத்தில், நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த சிமேலு தீவில் அன்று வாழ்ந்தவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல்; இறந்தவர்கள் ஏழு பேர். அவர்களிடம் ‘ஸ்மோங்’ என்ற சொல் இருந்தது. 1907இல் தங்கள் தீவை அழித்த கடலுக்கு அவர்களின் பாட்டன்மார் வைத்த பெயர். பெயரோடு செய்முறையும் சேர்ந்தே வந்தது: நிலம் பலமாக ஆடினால் கேள்வி கேட்காமல் மேட்டுக்கு ஓடு. தாலாட்டிலும் கதையிலும் அது பிள்ளைகளுக்கு இறங்கியிருந்தது. சின்ன அந்தமானில் ஓங்கி இனத்தவரும் அன்று கடலோரத்தை விட்டு உள்ளே போய்ப் பிழைத்தார்கள்.

தீவுகளுக்கு வந்து குடியேறிய மற்றவர்களிடம் அப்படி ஒரு சொல் இல்லை. அனுபவம் இல்லாமலும் இல்லை. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே நிலம் நடுங்கி ஒரு சுனாமி கிளம்பியது. ஒரு மீட்டர் அளவுகூட இல்லாத அந்த அலையைப் போர்ட் பிளேரிலும் இந்தியாவின் கிழக்குக் கரையிலும் இருந்த ஓதமானிகள் பதிவு செய்தன. பொறியாளர்களின் அறிக்கையில் இருந்த அந்தச் செய்தி ஊர் வாய்க்கு இறங்கவே இல்லை. கடல்கோள் என்று பழந்தமிழில் ஒரு சொல் உண்டு. தென்மதுரையும் கபாடபுரமும் கடலுக்குள் போன கதையோடு அதைப் பாதுகாத்து வைத்தோம். ஆனால் நிலம் ஆடினால் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு அதில் ஒட்டியிருக்கவில்லை.

இப்போது அந்தக் குறிப்பை அரசு எழுதிக்கொண்டிருக்கிறது. ஹைதராபாத் மையம் 2007 அக்டோபர் 15 முதல் இயங்குகிறது. அதன் அறிவிப்புகளில் மூன்று படிகள். முதல்படி ‘வார்னிங்’: கரையோர மக்கள் உடனே மேட்டுக்கு வெளியேற வேண்டும். இரண்டாவது ‘அலர்ட்’: கடற்கரைக்கும் தாழ்வான கரையோரத்துக்கும் போகக் கூடாது. மூன்றாவது ‘வாட்ச்’: பொதுமக்கள் உடனடியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, அதிகாரிகள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்ச் செய்தியில் இந்த மூன்றும் ‘சுனாமி எச்சரிக்கை’ என்ற ஒரே சொல்லாகிவிடுவதுதான் வழக்கம். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது சென்னையில் மக்கள் அலுவலகங்களை விட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பெரிய சுனாமி வரவில்லை; அந்த முறை கடலடித் தட்டுகள் மேலும் கீழுமாக நகராமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டன, நீரைத் தூக்கவில்லை. வராதது நல்லதுதான். ஆனால் வெளியேறு, விலகியிரு, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற மூன்றுக்கும் ஒரே சொல்லைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள், நாலாவது முறை எதற்கு எழுந்து ஓடுவார்கள்? இந்த மூன்று படிக்கும் மூன்று தனித் தமிழ்ச் சொல் தேவை. ‘வெளியேற்ற எச்சரிக்கை’, ‘விலகல் எச்சரிக்கை’, ‘கண்காணிப்பு’ என்று வைத்தால்கூட இப்போதிருப்பதற்குத் தேவலை.

நிக்கோபாருக்கு அந்த மூன்று படியும் பல சமயம் தாமதம்தான். மையம் கணக்குப் போட்டு முதல் அறிவிப்பை அனுப்பச் சில நிமிடங்கள் ஆகும். காலடியிலேயே பிளவு ஓடினால் கடலும் சில நிமிடங்களில் வந்துவிடும். 2004இல் சென்னைக்குக் கிடைத்த இரண்டரை மணி நேர அவகாசம் தீவுகளுக்குக் கிடைக்காது. அங்கே நிலநடுக்கமே எச்சரிக்கை. நிற்க முடியாத அளவுக்கு நிலம் ஆடினாலோ, ஆட்டம் ஒரு நிமிடத்துக்குமேல் நீடித்தாலோ, செல்பேசி ஒலிக்கும்வரை நிற்கக் கூடாது. யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையேயான கடலியல் ஆணையம் ‘சுனாமிக்குத் தயார்’ என்று ஊர்களுக்குச் சான்று தருகிறது. 2020இல் இந்தியாவில் முதலாவதாக அதைப் பெற்றவை ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு மீனவ ஊர்கள். அபாய வரைபடம், வெளியேறும் வழிக்கான பலகை, ஒத்திகை என்று நிபந்தனைகள் பல. பலகையில் ஊர்க்காரர்கள் படிக்கிற மொழி இருக்க வேண்டும். அந்தமானில் அது இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி என்று ஐந்தாறாகப் பெருகும். ஆங்கிலத்தில் எழுதுகிற வரிக்கு மட்டும் அந்த ‘டி’யை முதலில் போட மறக்கக் கூடாது.